பட்டணத்துப் படங்களின் முதல் பத்து நிமிடம்

தொண்ணூறுகளின் நடுவில், ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே ஒரு வீட்டில்தான் டீவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளையிலிருந்து வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து வருவார்கள். மாலை பஸ்ஸில் அதைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அதற்குள் மூன்று படம் பார்ப்பதென்றால் எங்கேயாவது வெட்ட வேண்டும். பாட்டை வெட்டினால் சண்டை வரும். அதனால் எல்லாப் படத்திலும் பேர் போடும் முதல் பத்து நிமிடத்தை வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம்.

அண்ணனுக்குக் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை சரியானதும் அம்மா அந்த வழக்கத்தில் கையை வைத்தார்.

"ஓட்டாதீங்க. படத்துல வர்ற பையன் டவுன்ல எறங்குறத நான் பாக்கணும்."

பதுளை ஆஸ்பத்திரியைத் தாண்டி எந்த ஊரையும் பார்க்காதவர் அவர். ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது, மானம் போனது.

"அது மெட்ராஸ்ம்மா. கொழும்பு இல்ல."

"எனக்குத் தெரியாதா? ரோட்ட எப்படித் தாண்டுறாங்கன்னு பாக்குறேன்."

வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கெட்டிக்காரத்தனம் தலைக்கேறியது. பட்டணத்துப் படம் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தது. விடியும். பால்காரர் சைக்கிளில் வருவார். கடலோ மணிக்கூண்டோ ஏதாவது ஒன்று தெரியும். அப்புறம் ஸ்டேஷன், ஜனக்கூட்டம். அத்தனை பேரும் ஓட, ஒருவன் மட்டும் நின்று கட்டடங்களை அண்ணாந்து பார்ப்பான். அவன்தான் கதாநாயகன். ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்குவான், தண்ணீர் குடிக்கப் பையைக் கீழே வைப்பான், பை போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இப்பப் போகும் பாருங்க" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, பை போனது. லயமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அம்மா என்னைக் கொழும்பிலேயே பிறந்தவள் மாதிரி நம்ப ஆரம்பித்தார்.

அதனால் அண்ணன் புறப்பட்ட அன்று பாடம் நடத்தியது நான்தான். "பையக் கீழ வைக்காத. யாரு கேட்டாலும் குடுக்காத. நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்க." அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டு மாதக்கணக்காகியும் அவனுக்கு அது வந்திருக்கவில்லை. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எந்தப் படத்திலும் யாரும் அதைக் கேட்டதில்லையே.

தீபாவளிக்கு வந்தபோது, தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துக்கொண்டே அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னான். கொழும்பு பஸ் நிலையத்தில் இறங்கியதுமே ஆமிக்காரர் ஒருவர் கூப்பிட்டுப் பையைக் கேட்டிருக்கிறார்.

"நான் குடுக்கல. இன்னும் இறுக்கிப் புடிச்சேன்."

யுத்த காலம், குண்டு என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற சனமெல்லாம் சிதறி ஓடியிருக்கிறது. உள்ளே இருந்தது இரண்டு சட்டை, உடுக்க ஒரு சாரம், அம்மா சுட்டுக் கொடுத்த ரொட்டி. அட்டையும் இல்லாததால், கடை முதலாளி வந்து பொறுப்பேற்கும்வரை ஐந்து நாள் உள்ளே வைத்திருந்தார்கள்.

"அடிச்சாங்களாண்ணே?"

அவன் சட்டையைப் பிழிந்தான். "அம்மாகிட்ட சொல்லிறாத" என்றான்.

என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. வாய் என்னுடையது, அடி அவனுக்கு. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

லீவு முடிந்து அவன் மறுபடியும் புறப்பட்டபோது, துணிகளை உள்ளே இருப்பது தெரியும் பொலித்தீன் பை ஒன்றில் போட்டுக்கொண்டான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னப்பா இது, எல்லாம் வெளிய தெரியுது. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"தெரியட்டும்மா."

"சரி, தங்கச்சி சொன்னத மறந்துறாத. நெஞ்சோட புடிச்சுக்க."

"சரிம்மா" என்றான். பஸ் வந்ததும் அந்தப் பையை உடம்பில் படாமல், கையை நன்றாக நீட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினான்.