மண்மூட்டை நிற்கும் என்றேன்

எனக்கு அப்போது வாய் நீளம். சென்னையில் ஆராய்ச்சி மாணவி. புற்றுநோய்க் கட்டிக்குள் ஆல்ஃபா கதிரைக் கொண்டுபோய் விடுகிற வேலை. பொங்கலுக்கு அரியலூரில் அக்கா வீட்டுக்குப் போனால் அதைப் பற்றிப் பேசாமல் எனக்குச் சோறு இறங்காது. அரியலூர் மறுபடி பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த வருஷங்கள் அவை.

அக்கா வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைப்பவர். அவருக்குப் புரிய வேண்டுமே என்று அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"இந்த அணு ஒரு வேட்டு மாமா. அடி பலமா இருக்கும், ஆனா நாலஞ்சு செல் தூரந்தான் போகும். கட்டி மட்டும் சாகும்."

"வெடிச்ச வேகத்துல அணுவே பிச்சுக்கிட்டு ஓடிராதா?" என்றார்.

அட கடவுளே! என் பேராசிரியர் தினமும் கேட்ட கேள்வி அது. ஆல்ஃபா ஒரு பக்கம் பாயும்போது மிச்ச அணு மறுபக்கம் உதைபட்டு, அதைச் சுமந்துபோகும் மூலக்கூறின் பிடியை அறுத்துக்கொண்டு ரத்தத்தில் கலந்துவிடும். போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்து அங்கேயும் கதிர் விடும். அதைத் தடுக்கத்தான் நானோ துகளுக்குள் அடைத்துப் பார்த்தோம். எலிகளில் அது தப்பிக்கொண்டேதான் இருந்தது.

ஊருக்குக் கிட்டத்தில் வெடிக்கும்போது கல் தெறிக்காமலிருக்கக் குழி மேல் மண்மூட்டை அடுக்குவார்கள். "நாங்களும் மண்மூட்டை வச்சிருக்கோம் மாமா. நிக்கும்," என்றேன். வீம்பு, வேறொன்றுமில்லை.

"அப்ப மருந்து வந்துருமா?" அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

"அடுத்த பொங்கலுக்குள்ள வந்துரும்க்கா."

ஆடியில் போனபோது அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்து அழுத்தினாள். கல்லாக இருந்தது.

"எப்பலேருந்துக்கா?"

"நீ பொங்கலுக்கு வந்தப்பவே இருந்துச்சு. ஒன் மருந்து வந்துரும்னியே, அறுக்காம சரியாயிரும்னு பாத்தேன். மாமாகிட்டகூடச் சொல்லல."

அவளைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அதைவிட என்னை.

"மருந்து எலிக்கே சரியா வரலக்கா! நான் சும்மா சொன்னேன்!"

முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "சரி, கத்தாத. பக்கத்து வூட்டுக்குக் கேக்கும்," என்றாள்.

மறுநாளே மாமாவும் நானும் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போனோம். பரிசோதனைகள் எல்லாம் முடிந்தபின் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்தார்.

"அப்பவே வந்திருந்தா எடுத்திருக்கலாம். இப்ப பரவிடுச்சு. ஆறு மாசம் ஏம்மா சும்மா இருந்தீங்க?" படித்தவள் என்று என் பக்கமும் திரும்பினார்.

அக்கா முந்திக்கொண்டாள். "பருத்தி எடுக்குற நேரங்க சார். வர முடியல."

அந்த வருஷம் மழை இல்லை. இருந்த துண்டு நிலத்தில் அவர்கள் பருத்தியே போடவில்லை. மாமா அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டாக்டர் அக்கா சொன்னதையே சீட்டில் எழுதிக்கொண்டார், நான் எதுவும் சொல்லவில்லை.