அண்ணன் கொடுத்த கல்

என்னைக் குடிகாரன் என்றவர்கள் உண்டு. வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றவர்களும் உண்டு. நான் பீடிகூடப் பிடிப்பதில்லை. சங்கரன்கோவிலில், 1981 ஆடி மாதம், பட்டப்பகலில் நடந்தது இது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

நான் மெக்கானிக் இசக்கிப்பாண்டி. என் அண்ணன் செல்லப்பாவும் மெக்கானிக்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பஞ்சு முதலாளியின் குடோன் வாசலில், அந்த ஆளின் ஜீப்புக்கு அடியில் நசுங்கிச் செத்தான். டயர் உருளாதபடி கல் கொடுக்காமல் படுத்தது அவன் தப்பு என்றார் முதலாளி. ஊரும் நம்பியது. அண்ணன் எங்கே போனாலும் டயருக்குக் கொடுக்க உடைந்த அம்மித் துண்டு ஒன்றைக் கொண்டுபோவான். அன்றைக்கு அங்கே அதைக் காணோம். அவ்வளவுதான், என் மதினி பேச்சிக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. 'கல்லு குடுக்காமச் செத்தவன் பொண்டாட்டி.' குழாயடியில்கூட அதே பேச்சு.

அதே ஜீப்பை முதலாளி என் ஷெட்டுக்கே அனுப்பினார். கியர் ஆயில் ஒழுகுகிறதாம், சீல் மாற்ற வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! கொண்டுவந்த டிரைவர் நல்லகண்ணு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஹேண்ட் பிரேக் பிடிக்கா அண்ணாச்சி?"

"பிடிக்கும்... பிடிக்கும்."

சாப்பிடப் போய்விட்டார். நான் அந்த வேலையை ஒத்துக்கொண்டதே பிரேக்கைப் பார்க்கத்தான். தப்பு அண்ணன் மேலா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பின் டயருக்கு ஒரு கருங்கல்லைக் கொடுத்துவிட்டு அடியில் படுத்தேன். இந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் கியர்பாக்ஸை ஒட்டியே இருக்கும். சீல் போனால் ஆயில் நேராக டிரம்முக்குள் போய்விடும், பிரேக் வழுக்கும். டிரம் ஆயிலில் ஊறிக் கிடந்தது. பல வருஷத்து அழுக்கு. அப்படியென்றால் அன்றைக்கும்... பல்லைக் கடித்துக்கொண்டு, கியரையும் சக்கரத்தையும் இணைக்கும் பின் ஷாஃப்டைக் கழற்றினேன். அதைக் கழற்றிவிட்டால் கியரும் வண்டியை நிறுத்தாது. ஷெட் வாசல் சரிவு வேறு; கல் ஒன்றுதான் துணை.

உச்சி வேளை. ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

டிரம்மை எடுத்துவிட்டுப் பழைய சீலை நெம்பினேன். வரவில்லை. கையை வெளியே நீட்டி, "சுத்தியல்" என்றேன். அண்ணனோடு வேலை பார்த்த பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

உள்ளங்கையில் சுத்தியல் வந்தது.

ஈரமாக இருந்தது...

"அண்ணாச்சி, வந்துட்டியளா?"

படுத்தபடியே நாலு பக்கமும் பார்த்தேன். எங்கேயும் கால்கள் இல்லை.

டக்!

நான் கொடுத்த கல் தெறித்தது. ஜீப் உருண்டது. டயர் என் தோளைத் தொட்டது...

கர்ர்ர்...

நின்றது.

"ஏலே, வெளிய வா."

அண்ணன் குரல்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. என் கருங்கல் இரண்டாகப் பிளந்து தள்ளிக் கிடந்தது. டயருக்கு அடியில் வேறொரு கல் இருந்தது. உடைந்த அம்மித் துண்டு. பச்சைப் பாசி படிந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நல்லகண்ணு திரும்பி வந்தார். கல்லைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எய்யா... இத நானுல்லா குடோன் கெணத்துல போட்டேன்!"

சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே சொன்னார்.

"காரு போக வழி வேணும், கல்ல எடுத்துட்டு ஜீப்பத் தள்ளுன்னாரு மொதலாளி. செல்லப்பா அடியில கெடந்தத நான் பாக்கல தம்பி. பொறவு, கல்லக் கெணத்துல போட்டுட்டு வாயப் பொத்திக்கிட்டு இருன்னாரு."

அன்றிரவே அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். வக்கீல் ஒருவரிடம் ஓடினேன். "கல்லு வந்து சாட்சி சொல்லுமாவே?" என்று சிரித்தார். முதலாளி ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மோர்ப் பந்தல் போட்டு மாலை வாங்கிக்கொண்டார். மதினி மட்டும் அம்மித் துண்டை வாசலிலேயே போட்டு வைத்தாள். "பாக்குதவன் பாத்துட்டுப் போட்டும்" என்றாள்.

கிணற்றையாவது பார்ப்போம் என்று ஒருநாள் குடோனுக்குப் போனேன். வாட்ச்மேன் மைதீன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எந்தக் கெணறுவே? அத போன வருசமே மண்ணு போட்டு மூடியாச்சே."

உள்ளே காட்டினார். மேலே சிமெண்டுத் தரை. ஒரு கீறல்கூட இல்லை.