கொலம்பியா என்றொரு போட்டு

2003-இல் கொலம்பியா விண்கலம் தரையிறங்கும் முன் சிதறிய செய்தியை அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து வருடம்தோறும் பிப்ரவரி முதல் தேதி அந்த ஏழு பேருக்காகவும் செபிக்கிறேன். அவர்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க இந்த வருடம்தான் முடிந்தது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுகிறார்களே, அதற்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரை மாதா கோயிலில். (ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் என்று படித்து முடித்தால் தெரியும்.)

தூத்துக்குடியில் காலை 4.20-க்குப் பஸ். திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், 35 ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு 350. காற்றில் மணல் பறந்ததால் முக்காட்டை எடுக்கவில்லை. 6.15-க்குக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம், பூசை யாருக்காக என்று எழுதிய கருத்துச் சீட்டைக் கொடுத்தேன்: "கொலம்பியா கலத்தில் இறந்த ஏழு பேருக்காக."

பூசைக்கு முன் அவர் அதை வாசித்தார்: "கொலம்பியா போட்டில் கடலுக்குப் போய் இறந்த ஏழு பேருக்காக."

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே ஓடினாள். பின்னாலேயே போனேன். போனை அமுக்கிக்கொண்டிருந்தாள், லைன் கிடைக்கவில்லை.

"எந்த ஊரு போட்டு, அக்கா? எங்க வீட்டுக்காரவுகளும் ஏழு பேராத்தான் போயிருக்காவ. நேத்தே வரணும்."

"கடல் இல்லம்மா, வானம். இருபது வருசத்துக்கு மேல ஆச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. மூன்றாம் முறை லைன் கிடைத்தது, எடுத்தது அவள் கணவர்தான். "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டாள். அதற்குள் கோயில்பிள்ளையே வெளியே வந்துவிட்டார்.

"ஏ அண்ணாச்சி! ஒமக்கு வள்ளத்துக்கும் மேல போற வாணத்துக்கும் வித்தியாசம் தெரியாதோ?" என்றாள் அவரிடம்.

"கலம்னு எழுதிருக்கு ஏளா. நம்ம ஊர்ல கலம்னா கடல்லதான போவும்!"

அவள் சிரித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அவுக கரைக்கு வர எம்புட்டு நேரம் இருந்துச்சு?"

"பதினாறு நிமிசம்."

"அப்போ அவுக வீட்டாளுக கரையிலதான நின்னுருப்பாவ?"

ஆமாம். பிள்ளைகளோடு ஓடுதளத்தருகே காத்திருந்தார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: பூசை 6.30. சீட்டை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். எதில் போனார்கள், எங்கே இறந்தார்கள் என்று விளக்கமாக எழுதுங்கள். திரும்ப 8.10-க்குத் தூத்துக்குடிக்கு நேர் பஸ் உண்டு. இத்தனை வருடம் ஏழு பேருக்காக மட்டுமே செபித்து வந்திருக்கிறேன். அன்று பூசை தொடங்கும் முன் கோயில்பிள்ளையிடம் பேனா வாங்கி, சீட்டில் ஒரு வரி சேர்த்தேன்: "கரையில் நின்றவர்களுக்காகவும்." அந்த வரியை அவர் சரியாகவே வாசித்தார்.