அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க

எங்கள் ஊர்க்காரர்களுக்கு என் மேல் இருக்கிற பாசமெல்லாம் நாற்காலியாகத்தான் வரும். தென்காசியில் எந்தக் கடை வாசலில் நான் நின்றாலும், யாராவது உள்ளே பார்த்து, “அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க” என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிவாசலில் கடைசி வரிசையின் ஓரத்தில் எனக்கென்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாண வீட்டில் நான் படியேறுவதற்குள் நாற்காலி எனக்கு முன்னால் ஏறிப் போய்விடும். நல்ல மனுஷர்கள், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

சவுதியில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவன் நான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஊர் திரும்பி மூன்று வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி காலையில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் என் ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகி வரும். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். பிஸ்டுலா என்பார்கள். காதை வைத்தால் உள்ளே இரைச்சல் கேட்கும், சீசனில் குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கேட்கிற அருவிச் சத்தம் மாதிரி. அந்த இரைச்சல் நின்றால் டயாலிசிஸ் ஊசி போட வழியில்லை. தினமும் விழித்ததும் நான் முதலில் செய்கிற காரியம் கையைத் தூக்கிக் காதில் வைப்பதுதான். கேட்கிற வரைக்கும் எனக்கு மூச்சு விடப் பயமாக இருக்கும்.

“இந்தக் கையில கனம் தூக்கக் கூடாது” என்று டாக்டர் சொன்னதை என் மனைவி உடம்பு மொத்தத்துக்கும் எடுத்துக்கொண்டாள். செருப்பை அவளே காலடியில் கொண்டு வந்து போடுவாள். சோறு கட்டிலுக்கே வரும். நான் எழுந்தால், “எங்க போறிய? என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்” என்பாள். இரண்டு வருஷம் அப்படி நவாப் மாதிரி உட்கார்ந்தே இருந்தேன். தொடை இரண்டும் சூம்பிப்போய், கட்டிலிலிருந்து எழுவதற்கே யாராவது தோளைத் தர வேண்டியதாயிற்று.

அப்போதுதான் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நாலு மாதத்தில் நிக்காஹ். எங்கள் வழக்கப்படி மேடையில் விரிப்புப் போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணின் தகப்பனும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, வலது கையைப் பிடித்துக்கொண்டு ஒப்புக்கொடுக்க வேண்டும். என் மனைவியின் அண்ணன், மூத்த மச்சான், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “மச்சான், நீங்க தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாதே. நாற்காலி போட்டுக்கிடுவோம்.”

“போட்டா நான் மேடைக்கே வர மாட்டேன்” என்றேன்.

வீம்பு என்று நினைத்திருப்பார்கள். வீம்பு பாதிதான், மீதி பயம். அந்த நாள் வரைக்கும் நான் இருப்பேனா என்பது முதல் பயம். இருந்து, உட்கார்ந்து, சம்பந்தி வீட்டார் முன்னால் எழ முடியாமல் கவிழ்ந்துவிட்டால் என் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நுழைவாள் என்பது அடுத்த பயம். எனக்கு இருப்பதே ஒரே மகள்.

டயாலிசிஸ் பிரிவில் செங்கோட்டைக்காரி ஒரு நர்ஸ் உண்டு. வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன். ஊசி போடுவதற்கு முன்னால் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். “ஒரு நிமிஷத்துக்குள்ள எத்தன தடவ எந்திச்சு நிக்கீங்கன்னு பாப்போம் அண்ணாச்சி.”

நாலு தடவை. ஐந்தாவதில் முழங்கால் ஆடிவிட்டது.

“டாக்டர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன். மெதுவா நடங்க, நாற்காலியில உக்காந்து எந்திரிங்க. ஆனா மெஷின்ல போடாத நாள்ல மட்டும். போட்ட அன்னைக்குப் பிரஷர் இறங்கும்” என்றாள். டாக்டரும் சரி என்றார்.

மனைவிக்குத் தெரியாமல் ஆரம்பித்தேன். அவள் துணி காயப்போட மாடிக்குப் போகும் நேரத்தில் உட்கார்ந்து எழுவேன். ஏழு தடவை வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலமே, பள்ளிவாசலுக்கு என்று சொல்லிவிட்டுக் குற்றாலம் ரோட்டில் நடக்கப் போனேன். நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு திமிர். பழக்கடை வரை போயிருப்பேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்துவிட்டேன். ஓடி வந்த ஆள், பாவம், அவருக்கு என்ன தெரியும், என் இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். உடனே நாற்காலியும் வந்தது.

அதில் உட்கார்ந்து கையைக் காதில் வைத்தேன். ரோட்டில் பஸ் சத்தம், ஹாரன் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே போனேன். நர்ஸ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அரை நிமிஷம் கேட்டுவிட்டு, “ஓடுது அண்ணாச்சி” என்றாள். நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

தகவல் கேட்டுப் பின்னாலேயே வந்துவிட்ட மனைவி நர்ஸ் மேல் பாய்ந்தாள். “இவரை நடக்கச் சொன்னது நீதானா? வீட்டுல தரையில கால் படாம நான் வச்சிருக்கேன். நீ ரோட்டுல தள்ளுதியே.”

நர்ஸ் கோபப்படவில்லை. “அக்கா, அண்ணாச்சி விழுந்தது நடந்ததால இல்ல, இன்னைக்கு நடந்ததால. கால் படாம வச்சதுலதான் காலு போச்சு. இப்படியே இருந்தா அடுத்து சக்கர நாற்காலிதான்.”

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது மனைவி வெளியே பார்த்துக்கொண்டே, “அப்ப நான் செஞ்சதெல்லாம் தப்பா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் சும்மா இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஒரு வாரம் ஓய்வு. அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை அவளே எழுப்பினாள். “கிளம்புங்க. நடக்கணும்னா குற்றாலத்துல நடப்போம். அங்கன சாரல் விழும். நாக்கு வறளாது.” அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எனக்கு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. வெயிலில் நடந்தால் தாகம் ஆளைத் தின்றுவிடும். சாரலில் முகம் நனைந்தால் அது கொஞ்சம் அடங்கும்.

ஐந்தருவி ரோட்டில், எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போகிற கூட்டத்துக்கு நடுவே நாங்கள் நடந்தோம். நான் முன்னால். அவள் பின்னால், வயர்க்கூடையில் மடக்கு முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு.

“எதுக்கு ஏளா இந்தச் சுமை?”

“உங்களுக்கில்ல. எனக்குக் கால் வலிச்சா உக்காருவேன்.”

மூன்று மாதத்தில் அவள் ஒரு நாள்கூட அதில் உட்காரவில்லை. நான் நாலைந்து தடவை உட்கார்ந்திருப்பேன். வீட்டில் விரிப்பு விரித்து, தரையில் உட்கார்ந்து எழப் பழக்கினாள். இடது கையை ஊன்றக் கூடாது. ஒருக்களித்து, மண்டியிட்டு, வலது கையை ஊன்றி எழ வேண்டும். பத்துக்கு ஆறு தடவை அவள் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

நிக்காஹ் வெள்ளிக்கிழமை. முந்தின நாள் டயாலிசிஸ் செய்த அசதி விடவில்லை. மண்டபத்தில் பெண்கள் எல்லாம் மாடியில். நான் மேடையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்தேன். ஒப்புக்கொடுத்தேன். துஆ ஓதி முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

நான் மண்டியிட்டேன். முதல் தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மச்சான்மார் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். ஒருவர்கூடக் கை கொடுக்கவில்லை. மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையும் அப்படியே. இரண்டாவது தடவையும் முடியவில்லை. பழிகாரப் பயல்கள், நாற்காலி வேண்டாம் என்றதற்கு வஞ்சம் தீர்க்கிறார்களோ என்று தோன்றியது. அண்ணாந்து பார்த்தேன். மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். யார் உத்தரவில் அவர்கள் கையைக் கட்டி நிற்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

மூன்றாவது தடவை எழுந்து நின்றேன்.

மனைவி கீழே இறங்கி வந்ததும் என் இடது கையைப் பிடித்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். “கை கொடுத்தா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லி வச்சிருந்தேன். நீங்க ரெண்டு தடவ உக்காந்தப்ப நான் செத்துட்டேன்.” அன்றைக்குத்தான், மூன்று மாதம் கழித்து, “நீ செஞ்சது எதுவும் தப்பில்ல” என்று சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போல டயாலிசிஸ். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டே கேட்டாள். “கல்யாண அலைச்சல்ல உக்காந்து எந்திரிக்க நேரம் கிடைச்சிருக்காது. நேத்து எத்தன தடவ எந்திச்சீங்க அண்ணாச்சி?”

“ஒண்ணு” என்றேன்.

“ஒண்ணுதானா?”

பக்கத்தில் நின்ற என் மனைவி முந்திக்கொண்டாள். “தரையில இருந்து” என்றாள்.