ஏழாம் நம்பர் குட்டி மெத்தை

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் குடியிருந்து விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காலை பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில், ஜன்னலோரமாக எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள் எங்களுடையவை. எங்களுடையவை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், நர்ஸம்மா அவர்கள் முன்னால் போய் நின்று முகத்தை உற்றுப் பார்த்து, "உங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்குதே, செக் பண்ணீங்களா?" என்று கேட்பார். அவர்கள் எழுந்து காற்றோட்டமான இடம் தேடிப் போய்விடுவார்கள்.

நாங்கள் நாலு பேர். நான், விழுப்புரம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, பெண்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர், மயிலத்தில் ஏறுகிற டெலிபோன் ஆபரேட்டர். ஆபரேட்டர்தான் எங்களில் சின்னவள். கல்யாணம் ஆகாதவள். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எங்கள் பேச்சை மட்டும் பாதியிலேயே வெட்டுவாள்.

குட்டி மெத்தையைக் கொண்டுவந்தது டீச்சர். அவருடைய தங்கையைப் பாண்டிச்சேரியில் கொடுத்திருந்தார்கள். தங்கை வீட்டுக்காரருக்குப் பிரான்சில் ஒரு அத்தை. அந்த அத்தை அனுப்பிய சாமான்களில் ஒன்றை டீச்சர் ஒருநாள் பையிலிருந்து எடுத்து மடியில் விரித்தார். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. மேலே கலர் கலராகத் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்து ஒரு பூனை. நடுவில் பஞ்சு. அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல்.

"கொழந்தைய படுக்கப் போடறதுக்கா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்ல, சுவத்துல மாட்டறதுக்கு."

"மெத்தைய எதுக்கு சுவத்துல மாட்டணும்?" என்றார் நர்ஸம்மா.

"அங்க பொம்பளைங்க கூடிக்கினு, மாசத்துக்கு ஒரு விஷயம்னு வெச்சிக்கினு, ஆளுக்கு ஒண்ணு தைக்கிறாங்களாம். தைச்சிட்டு மாத்திக்குவாங்களாம். போட்டிகூட உண்டாம்."

ஆபரேட்டர் குறுக்கே புகுந்தாள். "நாமளும் செய்லாம் டீச்சர். மொதல் மாசம் காய்கறி!"

விக்கிரவாண்டி வருவதற்குள் விதிகள் முடிவாகிவிட்டன. மாதத்துக்கு ஒரு விஷயம். முதல் திங்கட்கிழமை அவரவர் மெத்தையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். யாருக்கு எது வருகிறதோ அதை வீட்டில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்று பீரோவுக்குள் வைக்கக் கூடாது. கடைசி விதியைச் சொன்னது நான். ஏன் சொன்னேன் என்பது என் தையலைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

வீட்டில் தைக்க நேரம் கிடைக்காததால் வண்டியில்தான் தைத்தோம். அந்த மீட்டர்கேஜ் வண்டியின் ஆட்டத்தில் ஊசி துணியில் இறங்கியதைவிட விரலில் இறங்கியது அதிகம். ஒருநாள் நர்ஸம்மா இலவம்பஞ்சுப் பொட்டலத்தைப் பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் பிரித்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஒரு நொடியில் பெட்டி முழுக்கப் பஞ்சு. கூடைக்காரம்மாவின் கீரைக்கட்டில் பஞ்சு, கைக்குழந்தையின் வாயில் பஞ்சு. அதே நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் உள்ளே வந்தார். மீசையில் பஞ்சோடு எங்கள் முன் நின்று, "இன்னாம்மா இது, தலகாணி கம்பெனியா?" என்றார். சீசன் டிக்கெட்டைக் காட்டினோம். அவர் தும்மிக்கொண்டே திருப்பித் தந்தார்.

என் முதல் மெத்தை கத்தரிக்காய். ஊதாத் துணியில் வெட்டி, பஞ்சைத் தாராளமாக வைத்து, பச்சைக் காம்பும் வைத்திருந்தேன். திங்கட்கிழமை பிரித்ததும் நர்ஸம்மா கையில் வாங்கிப் பார்த்து உருகிப்போனார்.

"அச்சு அசல் கிட்னி. கொழாகூட வெச்சிருக்கியே!"

அவருடைய முருங்கைக்காயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தையலைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு வெட்டியிருந்தார். "ஒண்ணு பிரிஞ்சாலும் மத்தது தாங்கும்" என்று விளக்கம் வேறு.

டீச்சருடைய வேலை வேறு ஜாதி. அவர் தைத்ததைப் பார்த்தால் எங்கள் மூன்று பேருக்கும் அரை நிமிஷம் பேச்சு வராது. ஆபரேட்டருக்கே வராது. "தண்ணீர்" என்று முடிவான மாதம் அவர் பனமலை ஏரியைத் தைத்துக் கொண்டுவந்தார். மேலே பழுப்பில் மலை, மலை உச்சியில் சந்தன நிறத்தில் விரல்நகம் அளவுக்குக் கோயில், கீழே ஏரி. ஏரியில் பாவாடை நீலம், சட்டை நீலம், ரிப்பன் நீலம் என்று எண்ண முடியாத நீலங்கள். ஓரத்தில் ஒற்றைக் கொக்கு. சீட்டில் அது எனக்கு விழுந்தது. அன்று ஆபீசில் யாரிடமும் நான் எரிந்து விழவில்லை. வீட்டில் ஹாலில், காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினேன்.

என் வீட்டுக்காரர் மல்லாட்டைக் கமிட்டியில், வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிற இடத்தில் வேலை பார்த்தார். தினமும் நூற்றுக்கணக்கில் சாக்கு மூட்டைகளைப் பார்க்கிறவர். என் தையலை அவற்றோடு ஒப்பிட்டுப் பேசுவது அவருக்குச் சாயங்காலப் பொழுதுபோக்கு. ஆனால் அந்த ஏரியைப் பார்த்ததும் கிட்டே போய் விரலால் தடவிப் பார்த்தார். "பரவால்லியே, தேறிட்ட" என்றார். டீச்சர் தைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட, அவர் வெளியே போய்விட்டார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கட்டின புருஷன் ஒருநாள் பாராட்டினால் உடனே திருத்த மனசு வருமா?

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் ஒரு மாதர் மன்றம் கைவேலைப் போட்டி நடத்தியது. டீச்சர் மன்றத்துக்குப் போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குட்டி மெத்தை தைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் அதற்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். விஷயம் அங்கேயும் "தண்ணீர்"தான். டீச்சரை நடுவராகப் போட்டார்கள். நானும் நர்ஸம்மாவும் புதிதாகத் தைத்துக் கலந்துகொள்வது என்று முடிவு செய்தோம். ஆபரேட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி. நான் எங்கள் தெரு அடிபம்பைத் தைத்தேன். பம்பு, கைப்பிடி, கீழே நாலு குடம். கொண்டுபோய்க் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மன்றத்து அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். எனக்கு ஆபீஸ்.

காலையில் வண்டிக்கு ஓடும் அவசரத்தில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என்னாங்க, ஹால்ல தண்ணி மெத்தை இருக்குது. மத்தியானம் சாப்பிட வரும்போது கொண்டுபோய் மன்றத்துல குடுத்துடுங்க."

"சரி, சரி, நீ போ."

ஹாலில் இரண்டு தண்ணீர் மெத்தைகள் இருந்தன. ஒன்று சுவரில். இன்னொன்று நாற்காலியின் மேல். அன்று சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து அம்மா வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை காலை நேராகப் போட்டிக்குத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நீள மேசை போட்டு பதினான்கு மெத்தைகளையும் பரப்பியிருந்தார்கள். பெயர் கிடையாது, நம்பர்தான். வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த சீட்டில் என் நம்பர் ஏழு. ஏழாம் நம்பர் அட்டைக்கு மேலே பனமலை ஏரி இருந்தது.

பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் பூரித்து நின்ற வீட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? இது டீச்சர் தைச்சது!"

"நீதான தண்ணி மெத்தைன்னு சொன்ன?"

"என்து நாற்காலி மேல இருந்துச்சே!"

அவர் முகம் மாறியது. "அது மெத்தையா? நான் உக்கார்றதுக்கு திண்டு தைச்சி போட்டிருக்கியோன்னு நெனச்சேன். ரெண்டு நாளா அதும்மேலதான் உக்காந்துக்கினு இருக்கேன்."

நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் நடுவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மன்றத் தலைவி, அவர் ஒரு டாக்டரின் மனைவி. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர். மூன்றாவது டீச்சர். நடுவர்கள் சுற்றும்போது யாரும் கிட்டே வரக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தது.

டீச்சர் ஏழாம் நம்பருக்கு முன்னால் வந்ததும் நின்றார். தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் இல்லை இல்லை என்று தலையாட்டி, விரலால் வீட்டுக்காரரைக் காட்டி, கையால் நெற்றியில் அடித்துக்கொண்டேன். டீச்சருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அந்த மெத்தைக்குப் பரிசு போய்விடக் கூடாது என்பது மட்டும் புரிந்துவிட்டது.

"அடடா, இந்த ஏரிய பாருங்களேன்!" என்றார் தலைவியம்மா. "இதுக்குத்தான் மொதல் பரிசு. வேற பேச்சே இல்ல."

"தையல் ஒழுங்கா இல்லீங்க" என்றார் டீச்சர்.

"எங்க ஒழுங்கா இல்ல?"

"கரை ஓரத்துல. கோணிக்கினு போவுது."

டிராயிங் மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஏரிக்கரை கோணலாத்தாம்மா இருக்கும். ஸ்கேல் வெச்சா கட்டுவாங்க?"

"கொக்குக்குக் கால் குட்டை."

"அது தண்ணியில நிக்குது. மீதிக் கால் உள்ள இருக்குது."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீச்சர் விடவில்லை. மலை நிறம் சரியில்லை, கோயில் சாய்ந்திருக்கிறது, பஞ்சு ஒரே சீராக இல்லை என்று அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் தலைவியம்மாவும் மாஸ்டரும் பதில் வைத்திருந்தார்கள். மாஸ்டர் அந்த நீலங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காலையில் ஏரி ஒரு நீலம், உச்சிவெயிலில் ஒரு நீலம், மழை வரும்போது ஒரு நீலம், இதைத் தைத்தவள் ஏரிக்கரையில் பல நாள் உட்கார்ந்து பார்த்தவள் என்றார். டீச்சருக்கு முகம் சிவந்துகொண்டே வந்தது. உதடு சிரிக்கப் பார்த்தது. அதைக் கடித்துக்கொண்டு, "அப்டியொண்ணும் பெரிய வேலை இல்லீங்க இது" என்றார்.

தலைவியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சர், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்தவங்க நல்லா தைச்சா பாராட்டத் தெரியணும். இவ்ளோ பொறாமை ஆவாது."

"பொறாமையா?" டீச்சரின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "எனக்கா பொறாமை? நான் எதுக்குங்க பொறாமைப்படணும்? இத தைச்சதே நாந்தான்!"

தலைவியம்மா மெத்தையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நடுவரே போட்டியில கலந்துக்கினீங்களா?" என்றார் தலைவியம்மா, மெதுவாக.

நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பேர், ரயில், சீட்டு, சுவர், நாற்காலி. பதட்டத்தில் டிக்கெட் பரிசோதகர் மீசையில் பஞ்சு ஒட்டியதுவரை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நான் முடித்ததும் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "தப்பு என்துதாங்க. அவளோடது வீட்டுல இருக்குது. ஜல்தியா எடுத்தாந்துடறேன்." யாரும் சரி என்று சொல்வதற்குள் சைக்கிளில் போய்விட்டார்.

கால்மணி நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அடிபம்பு மெத்தையை ஏழாம் நம்பர் அட்டைமேல் வைத்தார். இரண்டு நாள் அவருடைய பாரத்தைச் சுமந்ததில் பஞ்செல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, பம்பு ஒரு பக்கமாக வீங்கி, கைப்பிடி வளைந்து தொங்கியது. மாஸ்டர் ரொம்ப நேரம் பார்த்தார். நடந்த குழப்பத்துக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"யானை நல்லா வந்திருக்கும்மா" என்றார். "தும்பிக்கையில உயிர் இருக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "ஆமாங்க, யானைதாங்க" என்றார்.

ஏரியைப் போட்டியிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்க ஹால் வாசலில் மாட்டினார்கள். முதல் பரிசு நர்ஸம்மாவுக்கு. அவர் தைத்தது குளுக்கோஸ் பாட்டில். கம்பியில் தொங்கும் பாட்டில், அதிலிருந்து இறங்கும் குழாய், சொட்டு சொட்டாக ஜிகினா. முடிச்சு முடிச்சான அந்தத் தையல்தான் புதுமை என்று மாஸ்டர் சொன்னாராம். எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பாவும் ஒரு சான்றிதழும். சான்றிதழில் அழகான கையெழுத்தில் "யானை நீராடும் காட்சி" என்று எழுதியிருந்தது.

மறுநாள் வண்டியில் டீச்சர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மயிலம் போயிற்று, பேரணி போயிற்று. நான் ஏரியைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"டீச்சர், இது உங்ககிட்டயே இருக்கட்டும். என்மேல கோவமா இருந்தா திட்டிடுங்க."

"கோவம் இன்னாத்துக்கு?" என்று மெத்தையைத் தடவினார். "இருவது வருஷமா புள்ளைங்களுக்கு காஜா எடுக்கவும் ஓரம் அடிக்கவும் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன். நான் தைச்சத யாரும் நின்னு பாத்ததில்ல. நேத்து அந்தம்மா என் தையலுக்காக என்கிட்டயே சண்டைக்கு நின்னாங்க பாத்தியா? வீட்டுக்குப் போயி அழுதேன். அப்புறம் நெனச்சி நெனச்சி சிரிச்சேன்."

பிறகு மெத்தையை மடித்து என் பையிலேயே திணித்தார். "மாத்திக்கினா மாத்திக்கினதுதான். நீதான விதி போட்ட?"

அடுத்த மாதம் தலைவியம்மாவும் எங்களோடு சேர்ந்துகொண்டார். காரில் போகிறவர், மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்களுடன் விழுப்புரம் வரை வந்து, அடுத்த வண்டியில் திரும்பிப் போவார். நர்ஸம்மா அவருக்காக யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. தானே எழுந்து இடம் கொடுத்தார்.

தலைவியம்மா முதன்முதலாகத் தைத்துக் கொண்டுவந்தது ஒரு மயில். நாலு மூலையும் நாலு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்து எது, தோகை எது என்று சொல்ல முடியவில்லை. அவர் பள்ளிக்கூடப் பெண்ணைப் போல டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பி, முண்டியம்பாக்கம் தாண்டும்வரை பார்த்தார்.

"பஞ்சு ரொம்ப நல்ல பஞ்சுங்க" என்றார் டீச்சர்.