தம்பி சட்டைக்கு விழுந்த வரி

பொத்தான் பட்டறைக்காரருக்குத் தம்பியைக் கண்டாலே வயிறு எரியும். தம்பி தைக்கும் சட்டைகள் ஒரு வெளிநாட்டுக்குப் போயின. அவற்றில் இருந்ததோ அந்த நாட்டுப் பொத்தான். அண்ணன் மனு மேல் மனு போட்டு அதற்கு வரி விதிக்க வைத்தார். அந்த நாடும் பதிலுக்குச் சட்டைக்கு வரி போட்டது. தம்பியின் இயந்திரங்கள் நின்றபோது அண்ணனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஆனால் தையல் கூடங்கள் படுத்துவிட்டதால் அவர் பொத்தானையும் வாங்க ஆளில்லை.

உலக வர்த்தக நடுவர் குழு இரண்டு வரிகளையும் நீக்கச் சொன்னது. வரிகள் நீங்கியதும் தம்பி வந்தார்.

“அண்ணே, அங்க கோட்டுக்குக் கொம்புப் பொத்தான் கேக்கறாங்க. உங்க வேலை சுத்தமா இருக்கும், அனுப்புங்க.”

அனுப்பினார். முதல் பத்துப் பெட்டிகள் கப்பலேறிய அன்று தம்பியிடம் கேட்டார்: “அதே கப்பல்ல உன் பெட்டி எத்தனை?”

“நானூறு.”

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.