விழிக்காத சிலிண்டர்கள்

பன்னிரண்டு வருஷமாக அவள் கார் கம்பெனியில் சோதனை ஓட்டுநர். அன்று ஓட்டிய காரில், சீரான வேகத்தில் போகும்போது நான்கு சிலிண்டர்களில் இரண்டு தானாக ஓய்ந்து பெட்ரோலை மிச்சப்படுத்தும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உடனே விழித்துக்கொள்ள வேண்டும்.

லாரியை முந்த மிதித்தாள். சிலிண்டர்கள் உடனே விழிக்கவில்லை. எதிரே பஸ். பிரேக்கை அழுத்தி லாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"ஒரு நொடி தாமதம்தானேக்கா, ரிப்போர்ட்ல எழுத வேணாமே," என்றார் பக்கத்திலிருந்த இன்ஜினியர்.

"உங்க கை ஏன் நடுங்குது தம்பி? அதையும் சேர்த்தே எழுதுறேன்."

எழுதினாள். கோளாறைச் சரிசெய்ய மூன்று மாதம் பிடித்தது. மறுபடி ஓட்டிப் பார்க்க அவளையே கூப்பிட்டார்கள். கிளம்புமுன் மகளுக்குப் போன் செய்து, "சும்மாதான் கூப்பிட்டேன்," என்றாள். இந்த முறை இன்ஜின் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்படியும் வீடு வந்து சேரும்வரை அவளுக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது.